பூட்டு சரி, சாவி யாரிடம்? ஆண்ட்ராய்டின் புதிய விதி

வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. அனுப்பியவர் தெரிந்த நண்பர்தான். தொட்டால் அது படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை; ஓர் ‘ஏபிகே’ ஃபைல். “இது ஆபத்தான ஆப்பாக இருக்கலாம்” என்று போன் எச்சரிக்கிறது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? ஓகே, ஓகே, அலோ. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும் அந்த வேகத்திலேயே போய்விடுகிறது. அதன்பிறகு வங்கி அனுப்பும் ஓடிபி மோசடிக்காரர் கைக்கும் போகும். நண்பரின் போன் ஏற்கெனவே இதே வலையில் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான் என்ற பெயர்களிலும் இதே கதை நடக்கிறது.

இப்படிப்பட்ட மோசடிகளைக் காட்டித்தான் 2025 ஆகஸ்ட்டில் கூகுள் ஒரு புதிய விதியை அறிவித்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப்பாக இருந்தாலும், அதை உருவாக்கியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால், கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் அது இன்ஸ்டால் ஆகாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள். வெளியிலிருந்து வரும் ஆப்களில் பிளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கு மேல் தீய மென்பொருள் இருப்பதாகக் கூகுளின் கணக்கு.

கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் கடன் ஆப்களை மறந்துவிட முடியுமா? போட்டோவையும் கான்டாக்ட் லிஸ்டையும் உருவி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய ஆப்களில் பல, பிளே ஸ்டோரிலேயே ஜம்மென்று உட்கார்ந்திருந்தவை. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட கடன் ஆப்களைக் கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. ஆப் எந்த வாசல் வழியாக வந்தது என்பதைவிட, உள்ளே வந்தபின் அதற்கு என்னென்ன அனுமதி கிடைத்தது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

வாசலுக்கு ஒரே காவலாளி என்றால் வேறொரு சிக்கலும் உண்டு. ஹாங்காங் போராட்டத்தின்போது போலீஸ் நடமாட்டத்தைக் காட்டிய ‘ஹெச்கேமேப்’ ஆப்பை, 2019 அக்டோபரில் ஆப்பிள் தன் ஸ்டோரிலிருந்து தூக்கியது. ஐபோனில் அந்த ஆப்பைப் போட வேறு வழியே இல்லை. ஆண்ட்ராய்டில் அப்படியொரு வழி எப்போதும் இருந்தது. ஓப்பன் சோர்ஸ் ஆப்களைத் தரும் ‘எஃப்-டிராய்டு’ அந்த வழியில்தான் வாழ்கிறது. புதிய விதி வந்தால் தங்கள் கதை முடிந்தது என்று அது எச்சரித்தது.

எதிர்ப்பு கிளம்பியபின், 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கிவந்தது. அனுபவமுள்ள பயனர்கள் ஆபத்தை உணர்ந்து, சரிபார்க்கப்படாத ஆப்பையும் போட்டுக்கொள்ள தனி வழி தருவதாகச் சொன்னது.

நியாயமான பூட்டு எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் கூகுளிடமே இருக்கிறது. “லைனை கட் பண்ணாதீங்க சார், இப்பவே இன்ஸ்டால் பண்ணுங்க” என்ற அவசரத்தில்தான் மோசடி பிழைக்கிறது. ஆண்ட்ராய்டு 16-இல், தெரியாத எண்ணில் பேசிக்கொண்டிருக்கும்போது, திரையைப் படித்து இயக்கும் அனுமதியை ஓர் ஆப்புக்குத் தரவிடாமல் போன் தடுக்கிறது. அழைப்பை வைத்தபின் உரிமையாளர் நிதானமாக முடிவெடுக்கலாம். இதற்கு எந்த டெவலப்பரின் ஐடி கார்டும் தேவைப்படவில்லை.

அந்தத் ‘தனி வழி’ ஒரு நாள் காத்திருக்கச் சொன்னால்கூட தப்பில்லை. ஆனால் அது செட்டிங்ஸுக்குள் யார் கண்ணிலும் படாமல் புதைந்து கிடக்குமா, எஃப்-டிராய்டு பயனர் ஒவ்வொரு ஆப்புக்கும் அதே தடையைத் தாண்ட வேண்டியிருக்குமா? 2027-க்குள் இந்தியப் பயனர்கள் கூகுளிடம் கேட்டு வாங்க வேண்டிய பதில் இது.