இரண்டாவது கர்ப்பம்: உடலின் சுமையும் அரசின் கணக்கும்

தலைப்பிரசவம்தான் கடினம், இரண்டாவது தானாக நடந்துவிடும் என்ற பேச்சு குடும்பங்களில் வெகுவாகப் புழங்குகிறது. அதில் பாதி உண்மை உண்டு. இரண்டாவது முறை பிரசவ வலி நீடிக்கும் நேரம் பெரும்பாலும் குறைகிறது. ஆனால், அந்தச் சில மணி நேரத்தை வைத்து ஒன்பது மாதங்களையும் அளந்துவிடும் பழக்கம் கண்ணெதிரே இருக்கும் துன்பத்தை மறைத்துவிடுகிறது. கடைசி மூன்று மாதங்களின் உடல் உபாதை பல பெண்களுக்கு இரண்டாவது கர்ப்பத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. ஓய்வும் அப்போதுதான் குறைவாகக் கிடைக்கிறது. ஒன்றிய அரசின் மகப்பேறு உதவித் திட்டமும் சரியாக இந்த இடத்தில்தான் கையை விரிக்கிறது.

உடலின் நிலை

முதல் கருவைச் சுமந்தபோது விரிந்த வயிற்றுத் தசைகள் பழைய இறுக்கத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவதில்லை. ஆகவே இரண்டாவது முறை வயிறு முன்னதாகவே வெளித்தெரிகிறது. பாரம் முன்னும் கீழுமாகச் சாய்கிறது. தசை தாங்க வேண்டியதை முதுகும் இடுப்பும் தாங்குகின்றன. இடுப்பெலும்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் கர்ப்பகாலத்தில் இளகுகின்றன. நடந்தால் வலி, படியேறினால் வலி, படுக்கையில் புரண்டு படுத்தாலும் வலி. இந்த இடுப்பு வலி முன்பே பிள்ளை பெற்றவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. கால் நரம்புகள் புடைப்பதும் மூலத் தொல்லையும் அவ்வாறே. நெஞ்செரிச்சல், மூச்சு வாங்குதல், இரவில் கெண்டைக்கால் பிடித்திழுத்தல், மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவை சேரும்போது நிறைமாதத்தில் உறக்கம் என்பதே அரிதாகிவிடுகிறது.

இவை நோயல்ல என்பதால் அற்பமானவை என்று பொருளாகாது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகள் நெஞ்செரிச்சல், கால் பிடிப்பு, முதுகு மற்றும் இடுப்பு வலி, மலச்சிக்கல், நரம்புப் புடைப்பு, வீக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி சொல்கின்றன. கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறை மருத்துவத் தொடர்பு வேண்டும் என்கின்றன. கால்களை உயர்த்தி வைத்து இளைப்பாறுவதும் முறையான உடற்பயிற்சியும் செலவு வைக்காத வழிகளே. ஆனால் அவற்றுக்கு நேரம் வேண்டும். உழைக்கும் பெண்ணிடம் இல்லாத பொருள் அதுதான்.

எல்லா வலியையும் ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்புதானே’ என்று ஒதுக்குவதில் இன்னோர் ஆபத்தும் உள்ளது. கடும் தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். ஒருமுறை பெற்றுவிட்டவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் இவையும் கவனிப்பாரின்றிப் போகின்றன. 2019-21 காலத்துக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 93 தாய்மார்கள் இறக்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகையுடன் இருந்தனர். நான்காவது ஆய்வில் இது 50.4 சதவீதம். இரண்டு பேறுகளுக்கு இடையே போதிய இடைவெளியும் சத்துணவும் கிடைக்காத உடல் ஏற்கெனவே காலியான களஞ்சியத்திலிருந்துதான் இரண்டாவது குழந்தைக்கு இரும்புச்சத்தைக் கொடுக்கிறது.

ஓய்வு யாருக்கு?

நாட்டின் பல பகுதிகளில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இருக்கிறது. இரண்டாவதற்கு அந்த அழைப்பு பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் போக முடிவதில்லை. மூத்த பிள்ளையைத் தூக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும். இடுப்பு வலியோடு இருப்பவளின் இடுப்பில்தான் இரண்டு வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது.

வேலைத்தளமும் இரக்கம் காட்டுவதில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் புலம்பெயரும் குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒரே ஜோடியாக முன்பணத்துக்குக் கட்டப்படுகிறார்கள். ஒருவர் ஒருநாள் நின்றாலும் பிடித்தம். நிறைமாதக் கர்ப்பிணியும் குனிந்து வெட்டுகிறாள், கட்டைச் சுமக்கிறாள். செங்கல் சூளையிலும் கட்டுமானத் தளத்திலும் வீட்டு வேலையிலும் நிலைமை இதுவே. ஓய்வெடுத்தால் கூலி இல்லை என்னும்போது மருத்துவரின் அறிவுரை தாளோடு நின்றுவிடுகிறது.

சட்டத்தில் ஏட்டளவில் ஓர் ஏற்பாடு உண்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, எதிர்பார்க்கும் பேறு நாளுக்கு முந்தைய ஆறு வாரங்களிலும் அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், கடினமான வேலையையோ நெடுநேரம் நின்று செய்யும் வேலையையோ அவரிடம் வாங்கக் கூடாது என்று இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இடம்பெற்றுள்ளது. ‘கேட்டுக்கொண்டால்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. மறுநாள் வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளி யாரிடம் கேட்பார்? 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. மிகப் பெரும்பான்மைப் பெண்கள் உழைக்கும் முறைசாராத் துறையில் அந்த 26 வாரங்களின் நிழல்கூட விழவில்லை.

ஒன்றிய அரசின் விசித்திரக் கணக்கு

முறைசாராத் துறைப் பெண்களுக்காகவே 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி உண்டு என்றது. எத்தனையாவது பிள்ளை என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. அதற்கு முன் 2010இல் 52 மாவட்டங்களில் தொடங்கிய இந்திரா காந்தி மகப்பேறு உதவித் திட்டமும் இரண்டு குழந்தைகள்வரை உதவி வழங்கியது. 2017இல் நாடு முழுவதற்கும் விரிவாக்குவதாகச் சொல்லி பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மோடி அரசு உதவியை முதல் குழந்தையோடு நிறுத்தியது. தொகையையும் 5,000 ரூபாயாகக் குறைத்தது. ஜனனி சுரக்ஷா திட்டப் பணத்தையும் சேர்த்தால் சராசரி 6,000 ஆகிவிடும் என்று விளக்கம் கூறியது.

எதிர்ப்புகளுக்குப் பின் 2022இல் வந்த மாற்றம் இன்னும் விசித்திரமானது. இரண்டாவது குழந்தைக்கும் 6,000 ரூபாய் உண்டு, அது பெண் குழந்தையாக இருந்தால் மட்டும். பெண் சிசுவைக் காக்கவே இந்த நிபந்தனை என்கிறது அரசு. பெண் குழந்தைகளைக் கருவிலேயே அழிக்கும் கொடுமை உண்மையானது. அதை ஒழிக்க அரசு செலவிட வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கான செலவை இன்னொரு தாயின் ஓய்விலிருந்து பிடித்தம் செய்வது என்ன நியாயம்? இத்திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கமே, பேறுக்கு முன்னும் பின்னும் பெண் போதிய ஓய்வெடுக்கும்படி கூலி இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்வது. கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தை அறிவது 1994ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். ஆகவே இரண்டாவது முறை சூலுற்ற பெண்ணுக்குப் பணம் வருமா வராதா என்பது பிள்ளை பிறந்த பின்னரே தெரியும். முதுகு ஒடியும் எட்டாம் மாதத்தில் ஒரு ரூபாயும் இல்லை. ஆண் குழந்தை பிறந்துவிட்டால், அவள் சுமந்த சுமையும் இழந்த கூலியும் கணக்கிலேயே வருவதில்லை.

6,000 ரூபாயும் பெரிய தொகையல்ல. 26 வாரங்கள் என்பது 182 நாட்கள். நாளொன்றுக்கு 33 ரூபாய்கூட வரவில்லை. 2013இல் எழுதிய எண் விலைவாசி ஏறிய இத்தனை ஆண்டுகளிலும் அசையவில்லை. இரண்டு பேறுகளுக்கும் உதவி தருவது இயலாததும் அல்ல. ஒடிசா 2011இல் தொடங்கிய மமதா திட்டத்திலும் தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்திலும், குழந்தையின் பாலினம் பாராமல் இரண்டு பேறுகளுக்கு உதவி வழங்கப்பட்டிருக்கிறது. மாநிலங்களின் நிதி கொண்டு இயன்றதை ஒன்றிய அரசின் கருவூலம் தாங்காது என்பதை யாரும் ஏற்க முடியாது.

போராடிப் பெற்ற உரிமை

மகப்பேறு ஓய்வு எந்த அரசும் மனமுவந்து தந்த கொடையல்ல. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா விவாதத்துக்கு வந்தபோது, பேறுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும் அம்பேத்கர் வாதிட்டார். மறுஆண்டு அது சட்டமானது. டெல்லி மாநகராட்சியில் சாலைப்பணி செய்த தினக்கூலிப் பெண்கள் வழக்காடியதால்தான், நிரந்தரமற்ற தொழிலாளிக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஆஷா பணியாளர்களுக்கோ தொழிலாளி என்ற தகுதியே இன்றுவரை மறுக்கப்படுகிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னபடி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நிபந்தனையின்றி உதவி வேண்டும். அதன் முதல் தவணை கூலி இழக்கும் மாதங்களிலேயே கைக்கு வர வேண்டும். தொகை குறைந்தபட்ச ஊதியத்தோடு இணைக்கப்பட வேண்டும். கடைசி மாதங்களில் கடின வேலை கூடாது என்ற விதி, பெண் கேட்டால்தான் என்றில்லாமல் முதலாளியின் கடமையாக வேண்டும். மூத்த பிள்ளையைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அங்கன்வாடிகளின் நேரமும் பணியிடங்களும் கூட்டப்பட வேண்டும்.

இவற்றோடு இயக்கத்தின் தோழர்கள் அரசாணைக்குக் காத்திராமல் செய்ய வேண்டியதும் உண்டு. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். கட்சி உறுப்பினர்களின் வீடுகள் இந்தச் சராசரிக்கு வெளியே இருக்கின்றனவா என்பதை அந்தந்த வீட்டின் அடுக்களையே சொல்லிவிடும். மாலைக் கூட்டத்தில் பெண்ணுரிமை பேசிவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தோழருக்குச் சோறு பரிமாற நிறைமாதக் கர்ப்பிணி எழுந்து நிற்பாளானால், அந்தப் பேச்சுக்கு வீட்டிலேயே மதிப்பிருக்காது. குடம் சுமப்பதும் துணி துவைப்பதும் மூத்த பிள்ளையைத் தூங்க வைப்பதும் ஆண் தோழர்களின் வேலையாக வேண்டும். கிளைக் கூட்டங்கள் இதையும் பேச வேண்டும். பகுதியில் இரண்டாவது பேறு என்பதால் உதவி மறுக்கப்பட்ட பெண்களைக் கண்டறிந்து, அவர்களைத் திரட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் முன் நிறுத்தும் பணியை மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இணைந்து தொடங்க வேண்டும்.