ஒரே பெயரில் இரண்டு சரக்கு!

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டி, விலையும் சொல்லிவிட்டு, அது கடைக்கு வருமுன்பே அந்தப் பெயரை அழிப்பது வியாபார உலகில் அபூர்வம். கம்ப்யூட்டர் உலகின் பெரிய கம்பெனிகளுள் ஒன்றான அமெரிக்காவின் ‘என்விடியா’வுக்கு 2022-ம் ஆண்டில் அந்த நிலைமை ஏற்பட்டது. செப்டம்பர் 20-ந் தேதி அறிவித்த ஒரு கிராபிக்ஸ் கார்டை, அக்டோபர் 14-ந் தேதி அது வாபஸ் வாங்கிக்கொண்டது. இடையில் கழிந்தவை 24 நாட்களே!

சரக்கில் பழுது ஒன்றும் இல்லை. பெயரில்தான் தகராறு. அந்தத் தகராறு வேறு உருவில் இன்றும் தொடர்வதால், அதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது வாங்குவோருக்கு நல்லது.

கார்டின் வேலை என்ன?

கம்ப்யூட்டர் திரையில் தோன்றும் படங்களை வரைந்து தருவதே கிராபிக்ஸ் கார்டின் வேலை. ‘4கே’ எனப்படும் திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டுக் காட்சி தடங்கலின்றி ஓட வேண்டுமானால், இத்தனை புள்ளிகளின் நிறத்தையும் ஒரு விநாடியில் 60 தடவையாவது கணக்கிட்டாக வேண்டும்.

இதற்காக ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் ஒரே சமயத்தில் உழைக்கிறார்கள். இவர்களுக்குக் ‘கோர்’ என்று பெயர். அவர்களுக்கு வேண்டிய தகவல்கள் கார்டிலுள்ள மெமரியில் இருக்கும். மெமரியை ஒரு கிட்டங்கி என்று கொண்டால், அங்கிருந்து கணக்கர்களிடம் சரக்கு வந்து சேர ஒரு பாதை வேண்டும் அல்லவா? அந்தப் பாதையின் அகலத்தைப் ‘பிட்’ கணக்கில் சொல்கிறார்கள்.

ஆள், கிட்டங்கி, பாதை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கார்டின் திறமை. கிட்டங்கி நிறையச் சரக்கு இருந்தும் பாதை குறுகலாக இருந்தால், ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எண்கள் சொல்லும் உண்மை

என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அன்று அறிவித்தவற்றுள், ‘ஆர்டிஎக்ஸ் 4080’ என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்றுக்கு மெமரி 16 ஜிபி. விலை 1,199 டாலர். மற்றதற்கு மெமரி 12 ஜிபி. விலை 899 டாலர்.

இதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? மெமரியில்தான் வித்தியாசம், மற்றபடி இரண்டும் ஒன்றே என்று எண்ணுவது இயற்கை. உண்மையோ வேறு. பெரிய கார்டில் கோர்கள் 9,728, சிறியதில் 7,680. பெரியதன் பாதை 256 பிட். சிறியதன் பாதை 192 பிட். பெரியதன் மெமரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 717 ஜிபி தகவல் பாயும்; சிறியதில் 504 ஜிபிதான். உள்ளே இருக்கும் சிப்பே வேறு. ஒன்றில் ஏடி103; மற்றதில் ஏடி104. ஆக, இவை அண்ணன் தம்பி என்று சொல்லலாமே தவிர, இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்வதற்கில்லை.

விலையில் என்ன குறை?

கம்பெனியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கோர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றால், விலையும் நான்கில் ஒரு பங்கு குறைவுதானே? கணக்குப் பார்த்தால் சிறிய கார்டு நஷ்டமான சரக்கு அல்ல.

அப்படியானால் ஆட்சேபம் எதற்கு? என்விடியாவின் வழக்கப்படி, பெயரின் கடைசி இரண்டு இலக்கங்கள் கார்டின் அந்தஸ்தைக் குறிக்கும். 80 என்பது மேல்தட்டு. 70 அதற்கு அடுத்த படி. 2020-ல் வந்த 3080-ன் விலை 699 டாலர். 3070-ன் விலை 499 டாலர். சிறிய கார்டு 70 என்ற பெயரோடு வந்திருந்தால், “499 டாலருக்கு விற்ற இடத்தில் இப்போது 899 டாலரா?” என்று வாங்குவோர் திடுக்கிட்டிருப்பார்கள். 80 என்று பெயர் சூட்டியதால், அந்த விலையேற்றம் கண்ணில் படாமல் போகும் என்பதுதான் விமர்சகர்களின் குற்றச்சாட்டு.

பத்திரிகைகளிலும் விளையாட்டுப் பிரியர்கள் மத்தியிலும் இந்தக் கண்டனம் பலத்தது. முடிவில், கார்டு சிறந்ததே என்றாலும் அதன் பெயர் சரியல்ல என்றும், ஒரே பெயரில் இரண்டு இருப்பது குழப்பம் தருகிறது என்றும் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 16 ஜிபி கார்டு மட்டும் நவம்பர் 16-ந் தேதி விற்பனைக்கு வந்தது.

சிறிய கார்டு 2023 ஜனவரி 5-ந் தேதி ‘4070 டிஐ’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதே 7,680 கோர்கள். அதே 12 ஜிபி. அதே 192 பிட். விலை மட்டும் 799 டாலர்! பெயர் இறங்கியதும் விலையும் 100 டாலர் இறங்கியது. சோதனைகளில் சிறிய திரைகளில் இரண்டுக்கும் இடைவெளி குறைவாகவும், 4கே திரையில் அதிகமாகவும் தெரிந்தது. புள்ளிகள் பெருகப் பெருக, குறுகிய பாதை தன் குணத்தைக் காட்டிவிட்டது.

பாடம் கற்றார்களா?

இது முதல் தடவையும் அல்ல. கடைசித் தடவையும் அல்ல. 2016-ல் ‘ஜிடிஎக்ஸ் 1060’ என்ற பெயரில் 6 ஜிபி, 3 ஜிபி என இரண்டு கார்டுகள் வந்தன. அவற்றிலும் கோர்கள் 1,280, 1,152 என்று வேறுபட்டன.

2025 ஏப்ரலில் ‘ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ’ என்ற பெயரிலும் இரண்டு கார்டுகள் வெளிவந்தன. 16 ஜிபிக்கு 429 டாலர்; 8 ஜிபிக்கு 379 டாலர். இம்முறை சிப் ஒன்றே. கோர்களும் இரண்டிலும் 4,608. மெமரி மட்டுமே வேறு. எனவே பழைய குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது. ஆனால் 8 ஜிபிக்கு மேல் மெமரி கேட்கும் புதிய விளையாட்டுகளில் சிறிய கார்டு திணறுகிறது. போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் 2025 ஜூனில் ‘ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி’ கார்டை இதே போல 8 ஜிபி, 16 ஜிபி என்று இரு வகையாகக் கொண்டுவந்தது.

பெயரைக் கேட்டு, ஒரு கார்டுக்கு எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு, மற்றொன்றை வாங்கி வருகிறவர் ஏமாறுவார். பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்துக்களோடு நிற்காமல், கோர் எத்தனை, மெமரி எவ்வளவு, பாதையின் அகலம் என்ன என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். பிறகு அதே மெமரி அளவுள்ள கார்டின் சோதனை முடிவைத் தேடிப் படிக்க வேண்டும். வாங்குவோர் விழிப்புடன் கேட்ட கேள்விகள், 24 நாளில் ஒரு பெரிய கம்பெனியைப் பெயர் மாற்ற வைத்தன. அந்த விழிப்பு கடை வாசலிலும் இருந்தால் பணம் வீணாகாது.