ஒளிந்திருந்தவர் பெயர் என்ன?

ஹிட்லரின் நாஜி ஆட்சி 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. அந்தக் கொடுமையின் நடுவே யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய குடும்பங்களைப் பற்றிப் பல படங்கள் வந்துள்ளன. அவற்றை நாம் பார்க்க வேண்டும். ஆனால், கதை யாருடையது என்ற கேள்வியோடு பார்க்க வேண்டும்.

2017-ல் வந்த 'தி ஸூகீப்பர்ஸ் ஒய்ஃப்' படம் உண்மைக் கதை. போலந்தின் வார்சா உயிரியல் பூங்காவை நடத்திய யான் ஜபின்ஸ்கி, அந்தோனினா தம்பதி சுமார் 300 பேருக்கு அடைக்கலம் தந்தார்கள். யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1941-லேயே அங்கே நாஜிகள் சட்டம் போட்டிருந்தார்கள். மார்க்கோவா கிராமத்தின் உல்மா குடும்பம் 1944 மார்ச் 24 அன்று குழந்தைகளோடு கொல்லப்பட்டது. அவர்கள் வீட்டில் ஒளிந்திருந்த 8 யூதர்களும் கொல்லப்பட்டார்கள். எனவே, காத்தவர்களின் துணிச்சலை யாரும் குறைத்துப் பேச முடியாது. குறை படங்களில்தான் இருக்கிறது. காப்பவருக்கு முழுக் கதை கிடைக்கிறது. ஒளிந்திருப்பவர்கள் பயந்த முகங்களாக வந்து போகிறார்கள்.

அக்னீஸ்கா ஹோலண்ட் இயக்கிய 'இன் டார்க்னெஸ்' (2011) இதில் வேறுபடுகிறது. இதுவும் நடந்த கதைதான். லுவோவ் நகரச் சாக்கடைத் தொழிலாளி லியோபோல்ட் சோகா மகான் அல்ல. சில்லறைத் திருட்டும் செய்தவர். காசு வாங்கிக்கொண்டுதான் யூதர்களைச் சாக்கடைக்குள் ஒளித்துவைக்கிறார். காசு தீர்ந்த பிறகோ, கைவிட மனம் வரவில்லை. உள்ளே இருப்பவர்கள் சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். முழு மனிதர்களாக இருக்கிறார்கள். 14 மாதங்களுக்குப் பிறகு 10 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அவர்களில் சிறுமியாக இருந்த கிறிஸ்டினா ஹிகர், பின்னாளில் தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார்.

நகரம் முகம் சுளிக்கும் வேலையைச் செய்தவரின் அறிவுதான் அங்கே உயிர்களைக் காத்தது. பாதாளச் சாக்கடையில் இறங்கி மூச்சு முட்டிச் சாகிறவர்கள் யார் என்று அறிந்த நமக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

கணக்கையும் மறக்கக் கூடாது. போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். காத்தவர்கள் என்று இஸ்ரேலின் யாத் வாஷெம் அங்கீகரித்த போலந்துக்காரர்கள் 7,000 பேருக்குச் சற்று அதிகம். பெயர் வெளியே தெரியாதவர்கள் இன்னும் பலர் இருக்கலாம். ஆனாலும் காட்டிக்கொடுத்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் எத்தனை பேர்? இடம் கொடுத்த குடும்பமே கொலை செய்ததை 'ஐடா' (2013) படம் பேசுகிறது. நல்லவர் நாலு பேரைக் காட்டி ஊரின் குற்றத்தைக் கழுவிவிட முடியாது.

இரக்கமுள்ள பெரிய மனிதர் வந்து சேரியைக் காப்பாற்றும் கதைகள் நமக்குப் புதிதல்ல. ஆகவே மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். இத்தகைய படம் பார்த்து முடித்ததும், காத்தவர் பெயரோடு ஒளிந்திருந்தவர் பெயரும் நினைவில் நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நிற்கவில்லை என்றால், அந்தப் படம் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறது.