எலும்புப் பிடிக் கத்தியும் நம் தொழுகையும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உருவான பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்போர் நம்மிலும் உண்டு. மாட்டின் கால் எலும்பாலான அவற்றின் பிடி, காலம் செல்லச் செல்லப் பழுப்பேறி அழகு பெறும். வீண்விரயமாகாத வரை இதில் குற்றமில்லை. ஆனால் அக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்தவாறே நாம் தொழலாமா?

மார்க்க முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் எலும்பு, ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி நஜீஸ்; அதைச் சுமந்து தொழுதால் தொழுகை நிறைவேறாது. ஹனஃபி மத்ஹபிலோ, பன்றியினுடையதைத் தவிர, கொழுப்பு நீங்கிய காய்ந்த எலும்பு தூய்மையானதே. நூறாண்டுக்கு முன் அந்த மாடு எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதை இன்று எவரும் அறியார். எனவே ஷாஃபிஈகளான நாம் தொழுகைக்கு முன் கத்தியை எடுத்து வைத்துவிடுவதே பேணுதல். எடுத்து வைக்காத ஹனஃபி சகோதரரைப் பழிப்பதோ முறையன்று. இருவரும் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களே.

அல்லாஹ் நன்கறிந்தவன்.