பண்டமாற்று ரசிகர்கள்

டேட்டமும் பிரவுனும் ஓரணியில் ஒத்துவரார், ஒருவரைக் கொடுத்து வேறொருவரை வாங்குக என்று பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகர்களில் ஒரு சாரார் 2023இல் தீர்ப்பெழுதினர். ஆதாரம்? மயாமியிடம் தோற்ற ஏழாவது ஆட்டம். அதில் பிரவுன் 8 முறை பந்தை இழந்தது மெய். முதல் நிமிடத்திலேயே டேட்டமின் கணுக்கால் பிசகியதும் மெய். முன்னதை எண்ணிப் பின்னதை மறப்பது எவ்வகை ரசனை? (ஒரு சொற்பிழைக்காகக் காவியத்தையே எடைக்குப் போடுவோர் நம் துறையிலும் உண்டு.)

நல்லவேளை, நிர்வாகம் அசையவில்லை. 2017 முதல் இணைந்தாடிய இருவரும் 2024இல் கோப்பையை வென்றனர். இறுதித் தொடரின் சிறந்த வீரர், பிரவுன்!

அத்தொடரில் தோற்ற டல்லஸிலோ வணிகப் புத்தி நிர்வாகத்துக்கே வந்தது. 2025 பிப்ரவரியில், 25 வயது டோன்சிச்சை லேக்கர்ஸுக்குத் தாரைவார்த்து, 31 வயது அந்தோணி டேவிஸைப் பெற்றது. ரசிகர்கள் கொதித்தெழுந்தனர், நவம்பரில் பொதுமேலாளர் ஹாரிசன் நீக்கப்பட்டார். டோன்சிச் திரும்பவில்லை.