வெள்ளிக் கோபுரத்தில் ஒரு வேளை உணவு

மேல்நாட்டில் பணிபுரியும் மக்களைக் காணச் செல்லும் பெற்றோர் நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று பலர் உளர். பாரிஸுக்குப் புறப்படுவோர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு: அங்குள்ள பெயர்பெற்ற உணவு விடுதியொன்றில் பெரும்பொருள் செலவிட்டு ஒரு வேளை உண்பது தகுமா? ஒரு விடுதியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

ஸேன் நதிக்கரையில், ஆறாவது மாடியில் அமைந்தது 'லா தூர் தார்ஜான்'. 'வெள்ளிக் கோபுரம்' என்பது அப்பெயரின் பொருள். 1582-ஆம் ஆண்டிலேயே தோன்றியது என விடுதியார் பெருமை கொள்வர். உண்போர் சாளரத்தின் வழியே நோத்ர தாம் பேராலயத்தைக் காணலாம். 2019-இல் தீக்கிரையான அவ்வாலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பெற்றது.

விடுதியின் புகழுக்குக் காரணம் வாத்துக் கறி. வாத்தின் எலும்புக்கூட்டை வெள்ளி அழுத்துபொறியில் இட்டுப் பிழிந்து, வடியும் இரத்தத்தையும் சாற்றையும் கொண்டு குழம்பு சமைப்பர். 1890 முதல் ஒவ்வொரு வாத்துக்கும் எண் உண்டு. உண்டவருக்கு அவ்வெண் பொறித்த அட்டையும் தருவர். பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் அவ்வாண்டு உண்டது 328-ஆம் வாத்து. 2003-இல் எண் பத்து லட்சத்தைத் தொட்டது.

இனி, உணவின் தரம். மோட்டார் சக்கர டயர் செய்யும் மிஷெலின் நிறுவனம், வண்டியோட்டிகளுக்கென 1900-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிடத் தொடங்கிற்று. விடுதிகளுக்கு அது வழங்கும் நட்சத்திரங்களில் மூன்று பெற்றால், 'இதற்கெனவே பயணம் செய்யலாம்' என்று பொருள். இரண்டு, 'வழி விலகிச் செல்லலாம்'. ஒன்று, 'வழியில் நின்று உண்ணலாம்'. வெள்ளிக் கோபுரம் 1996-இல் மூன்றாவதையும் 2006-இல் இரண்டாவதையும் இழந்தது. அங்கே நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியே சமையலுக்கு உரியது. எஞ்சியது காட்சிக்கும், வரலாற்றுக்கும், பணிவிடைக்கும், மூன்று லட்சம் புட்டிகளுக்கு மேல் கொண்ட மதுக் கிடங்கிற்கும் உரியது என்று கொள்வதே முறை.

எனவே புலால் உண்ணாதவரும் மது அருந்தாதவரும் அங்குச் செல்வது, சங்கீதத்தில் நாட்டமில்லாதவர் கச்சேரிக்கு முதல் வரிசைச் சீட்டு வாங்குவதை ஒக்கும். நோத்ர தாமின் அழகை அருகிலுள்ள தூர்னெல் பாலத்தில் நின்றே காணலாம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

அவ்வுணவில் விருப்பமுடையோர் செல்வதாயின், மாலை விருந்தைவிட மதிய உணவே சிக்கனம். பிரெஞ்சு நாட்டுச் சட்டப்படி விலைப்பட்டியல் வாயிலில் இருத்தல் வேண்டும், படித்தபின் உட்புகலாம். பணிவிடைக் கட்டணம் விலையிலேயே அடங்கும். உணவுடன் குழாய் நீர் கேட்டால் விலையின்றித் தருவர். கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை.

இவ்வளவும் கூறியபின் ஒன்று எஞ்சுகிறது. மகனோ மகளோ தம் ஊதியத்திலிருந்து ஆசையோடு அங்கு அழைப்பதுண்டு. கைப்பொருள் மிஞ்சியிருந்து அழைத்தால், விலையைப் பேசாமல் மகிழ்வுடன் உடன் செல்லுங்கள். கடன்பட்டு அழைப்பதாக அறிந்தால் அன்போடு தடுத்து, அவர்கள் வீட்டு அடுப்பிலேயே ஒரு ரசம் வைத்துக் கொடுங்கள். பிள்ளை அங்கே அமைதியாக உண்ண முடியுமா என்பதே, நட்சத்திரக் கணக்கினும் பெற்றோர் முதலில் எண்ண வேண்டியது.