கலியாணத் திகதிக்காகப் பல்லை அராவ வேண்டாம்



இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

போன கிழமை என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியைக் கண்டேன். வயது 22. சிரிக்கும்போது கையால் வாயை மூடினாள். "ஏன் மகள்?" என்று கேட்டேன். அவளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "பல்லு கொஞ்சம் மஞ்சள், ஒண்டு சாய்வு" என்று சொல்லிவிட்டார். நிகாஹ்வுக்கு மூன்று கிழமைதான். ஒரு கிளினிக்கில் மேல்வரிசையில் ஆறு பல்லை அராவி வெள்ளைக் கெப் போட்டார்கள். வாப்பா கடன்பட்டுக் காசு கட்டினார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. முரசில் இரத்தம் கசிந்ததைக் கவனிக்கவில்லை. கடைவாயில் இருந்த சொத்தையும் அப்படியே. இன்று அந்த ஆறில் இரண்டுக்கு நரம்பு செத்து ரூட் கெனல் செய்கிறார்கள். ஆறும் நோயில்லாத பல்!

வெனீர் வேறு, கெப் வேறு. வெனீர் பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு. அதற்குப் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவில் சீவுவார்கள். கெப்புக்குச் சுற்றிவரச் சீவ வேண்டும். வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடலாம். சீவிய எனாமல் திரும்ப வளராது. கெப்பும் ஆயுளுக்கு நிற்காது, பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம். இருபது வயதில் போட்டால் அறுபதுக்குள் எத்தனை தரம் மாற்றுவது? அந்தக் காசை யார் கட்டுவது? பெண் பார்க்க வந்தவரா?

நான் கெப்புக்கு எதிரி இல்லை. உடைந்த பல்லையும் ரூட் கெனல் செய்த பல்லையும் அது காப்பாற்றும். என் கடைவாயிலும் ஒன்று இருக்கிறது. நல்ல பல்லை அராவுவதைத்தான் எதிர்க்கிறேன். அழகுக்காகப் பல்லை அராவுவது பற்றி மார்க்கம் சொல்வதை உலமாக்களிடம் கேளுங்கள்.

"பிள்ளையின் வாழ்க்கை அமைய வேணுமே சேர்" என்பீர்கள். அப்படியானால் ஒழுங்காகச் செய்யுங்கள்:

1. வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். பியூட்டி பார்லரில் பல் ஒட்ட வேண்டாம்.

2. முதலில் எக்ஸ்ரே, பிறகு முரசுச் சிகிச்சை, சொத்தை அடைப்பது. அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.

3. மஞ்சள் என்றால் சுத்தம் செய்து வெளுக்கலாமா, சாய்வு என்றால் கம்பி போடலாமா என்று கேளுங்கள். கெப்பைப் பிறகு வெளுக்க முடியாது.

4. இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வெனீர் உடைந்துவிடும்.

5. "எவ்வளவு சீவுவீர்கள், எத்தனை வருடம் நிற்கும், பழுதானால் என்ன வழி?" என்று கேளுங்கள். சீவ முன் அச்செடுத்து மாதிரி காட்டச் சொல்லுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாயைத் திறக்க வேண்டாம்.

இதெல்லாம் மூன்று கிழமையில் முடியாது. கம்பிக்கு மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் போகலாம். அப்படியானால் பல்லை விடுங்கள், அல்லது திகதியைத் தள்ளுங்கள்.

கடைசியாக, மாப்பிள்ளை வீட்டாருக்கு. அந்த ஆறு பல்லை அராவியது கிளினிக்கின் மெஷின் மட்டுமல்ல, நமது நாக்கும்தான். ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனால் அவளின் குணத்தைப் பாருங்கள். பல்லை எண்ணப் போகாதீர்கள்.

வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கும் எல்லோருக்கும் இதைப் பகிருங்கள்.